பேரோடு ஒரு அம்பா

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது பேர்தான். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன படிப்பு என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. "பேரு இன்னா?" என்பார். சொன்னதும் தொடையில் விரல்களால் தட்டிக்கொண்டே அந்தப் பேரை வாய்க்குள் உருட்டிப் பார்ப்பார். தாளத்தில் உட்கார்ந்துவிட்டால் மீசை விரியும். உட்காராவிட்டால் அந்தப் பேரை வைத்த அப்பன்மேல் கோபம் வரும்.

நாங்கள் அந்தக் குப்பத்துக்குக் குடிபோன அன்று, சாமான்கள் ஏற்றிய மினி லாரியிலிருந்து குதித்த என்னையும் நிறுத்தி அதையேதான் கேட்டார்.

"தேன்மொழி."

"தேன்மொழீ... ஏலேலோ... அடேங்கப்பா, வழுக்கிக்கினு போவுதே! யாரு வச்சது?"

"எங்க நைனா."

"நைனா பேரு இன்னா?"

"ஏழுமலை."

மறுபடியும் தட்டினார். "ஏழுமலே... ஐலசா... கல்லு மாதிரி ஒக்காருது," என்று சொல்லிவிட்டு, கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்த என் அப்பாவைப் பார்த்து, "வாங்க மாப்ள" என்றார்.

அந்தக் குப்பத்தில் என் அப்பாவை மாப்பிள்ளை என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். ரொம்ப நாளைக்கு அவர் ஒருவர்தான் கூப்பிட்டார்.

மரக்காணத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் இடையில் நீளமாகக் கிடந்த குப்பம் அது. என் அம்மா அந்த ஊர்ப் பெண். திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் விற்கப் போன இடத்தில், பக்கத்து மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பாவைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார். அப்பாவுக்குச் செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லம். காலனிக்காரர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில், மல்லாட்டைக் கொல்லையில், கூலி செய்த குடும்பம். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் அம்மாவைக் குப்பத்துக்குள் யாரும் கூப்பிடவில்லை. அம்மாவின் அப்பா படுத்த படுக்கையானதும், பார்த்துக்கொள்ள வேறு பிள்ளை இல்லாததால், நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அம்மாவை ஊர் மெதுவாக ஏற்றுக்கொண்டது. அப்பாவிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை, பேசவும் வரவில்லை. அப்பா தினமும் சைக்கிளில் உப்பளத்துக்குப் போய் வந்தார்.

பேர் கேட்டவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா அவரை அண்ணன் என்றதால் எனக்கு மாமா. ஊரில் எல்லாருக்கும் அவர் அம்பாக்காரர். கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்குத்தான் அம்பா என்று பேர். படகில் போய்க் கடலில் வளைத்து வலையைப் போட்டுவிட்டு, அதன் இரண்டு நுனிக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கூட்டம் ஆட்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வந்தால்தான் மீன் நடுவிலிருக்கும் மடி என்கிற பையில் தங்கும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிக்கொண்டு மீன் அத்தனையும் வெளியே போய்விடும். அந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே உடம்பாக்குவது அம்பா. நடுவில் நின்று அவர் ஒரு அடி எடுப்பார், இரண்டு கயிற்றிலிருந்தும் "ஏலேலோ" வரும். கடைசி அடிக்கு "ஐலசா" என்று எல்லாரும் பின்னால் சாய்வார்கள்.

அவர் குரல் நல்ல குரல் இல்லை. தகரத்தை மணலில் இழுத்த மாதிரி இருக்கும். ஆனால் அலையைத் தாண்டிக் கேட்கும். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. எல்லாரும் கோவணமும் கிழிந்த லுங்கியுமாக வலைக்கு வரும்போது, இவர் மட்டும் தேய்த்த முழுக்கைச் சட்டையில், மணிக்கட்டுப் பித்தான் போட்டு, மீசைக்கு எண்ணெய் தடவி வந்து நிற்பார். "அம்பா போடறவன் ஆபீசர் மாதிரி இருக்கணும்டா. அப்பத்தான் மீனு பயப்படும்" என்பார். மீன் பயந்து ஓடிவிடாதா என்று யாராவது கேட்டால், "ஓடறதுக்கு வழி எங்க கீது? அதான் வலை போட்டுக்கீறமே" என்பார்.

கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவர் பேரும் அவர் பாட்டில் வந்தாக வேண்டும். வேலுவின் புது மூக்குத்தி போட்ட பெண்டாட்டி, தங்கராசுவின் பல்வலி, முந்தாநாள் குடித்துவிட்டு விழுந்த பாபு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அடி.

"பாபு கையி வந்துதுன்னா - ஏலேலோ
பாறைகூட நடந்து வரும் - ஏலேலோ
பாவம் நேத்து அவன் நடக்கலியே - ஐலசா!"

சிரிப்பிலேயே வலை இரண்டு ஆள் நீளம் கரையேறிவிடும். கை வைக்காதவன் பேர் மட்டும் வராது. அது ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவரான நாட்டாராகவே இருந்தாலும் வராது. படகுக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நாட்டாருக்கு அது ஒரு குறை. "ஒரு வாட்டி நம்ம பேரையும் போடறது" என்று சாடையாகச் சொல்லியிருக்கிறார். "கயிறு கீது, வாங்க" என்பாராம் இவர்.

ஒரு ஐப்பசி மழையில் நானும் அம்மாவும் திண்டிவனத்திலிருந்து வந்த பஸ் பாதையோரச் சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதே பஸ்ஸில் அவரும் இருந்தார், மடியில் அன்று வாங்கிய புதுக் கயிற்றுச் சுருள். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் புதைந்தது. ஆம்பிளைகள் தள்ளிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நின்றார்கள். இவர் இறங்கி, கயிற்றைப் பிரித்து பஸ்ஸின் முன்னால் கட்டினார். பிறகு ஒவ்வொருவரிடமும் பேர் கேட்க ஆரம்பித்தார்.

"யோவ், மழையில நனைஞ்சிக்கினு நிக்கிறோம், இந்த ஆளு பேரு கேக்கறாரு!" என்று கண்டக்டர் எரிந்து விழுந்தார்.

"பேரு தெரியாம எப்பிடிய்யா இழுக்கறது? நீ டிக்கெட்டு குடுக்கறப்ப எங்க எறங்குவேன்னு கேக்கல?"

விதை வாங்கப் போய் வந்த விவசாயி ஒருவர், துணி மூட்டையோடு வந்த பாய், வெள்ளைப் புடவை கட்டிய கன்னியாஸ்திரி, கல்லூரிப் பையன்கள். ஒவ்வொரு பேராக உள்ளே போய்ப் பாட்டாக வெளியே வந்தது. தன் பேர் வருகிற அடியில் ஒவ்வொருவரும் உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். சிஸ்டர் மரிய ரோஸ் பேர் வந்தபோது அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டே இழுத்தார். பஸ் ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறியது. எல்லாரும் கை தட்டினோம். படிக்கட்டில் நின்றே பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர், உள்ளே ஏறும்போது மெதுவாக, "என் பேரு மட்டும் உட்டுட்டியே பெரியவரே" என்றார்.

"கை வைக்கலியே தம்பி. அடுத்த மழைக்கு வை."

இதெல்லாம் சிரிப்புக் கதை. சிரிக்க முடியாத கதை அடுத்த கார்த்திகையில் நடந்தது.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்பா காலையில் கடற்கரையில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத தூரத்தில் போய் நிற்பார். அன்று குப்பத்தில் பாதிப் பேர் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இருக்கிற ஆட்களை வைத்து வலையைப் போட்டுவிட்டார்கள். போட்ட பிறகு நீரோட்டம் வடக்கே திரும்பி வலையை இழுக்க ஆரம்பித்தது. வடக்குக் கயிற்றில் ஆள் போதவில்லை. அம்பாக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மாப்ள! இன்னா வேடிக்கை? வா, கயிறு புடி!"

அப்பா அக்கம் பக்கம் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் வடக்குக் கயிற்றின் கடைசியில் பிடித்தார். மூட்டை தூக்கிய தோள். கயிறு விறைத்து, வலை நகர்ந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

நாட்டார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கத்தவில்லை. இவர் பக்கத்தில் வந்து நிதானமாகத்தான் சொன்னார். "அந்த ஆளு இழுத்துட்டுப் போவட்டும். அவசரம், ஒத்துக்கறேன். பேரு மட்டும் போடாத."

"ஏன்?"

"நம்ம பேரு மட்டுந்தான் கடலுக்குக் கேக்கணும். உனக்குத் தெரியாதா?"

இவர் சட்டையின் மணிக்கட்டுப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டார். எனக்கு அது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பிறகு கடலைப் பார்த்துத் திரும்பிக் குரலை எடுத்தார்.

"ஏழுமலை கையி வச்சான் - ஏலேலோ!"

பதிலுக்கு வர வேண்டிய ஏலேலோ வரவில்லை. இரண்டாவது முறையும் பாடினார். நாட்டாரின் தம்பி கயிற்றைக் கீழே போட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். தெற்குக் கயிற்றிலும் பாதிப் பேர் விட்டார்கள். வலை அப்படியே கடலுக்குள் சரிய ஆரம்பித்தது. அப்பா முழங்கால் வரை மணலில் புதைந்து பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் தோல் உரிந்து கயிறு சிவந்தது.

"மச்சான், நான் உட்டுடறேன். எனக்காவ உங்களுக்கு இன்னாத்துக்குப் பேஜாரு?"

"உட்றாத மாப்ள. பாட்டுல பேரு போய்டுச்சு. இனிமே உட முடியாது."

அம்மா தன் மீன்கூடையைக் கீழே வைத்தார். பெண்கள் வலைக்கயிற்றைத் தொடுவது அந்தக் குப்பத்தில் வழக்கமில்லை. தொட்டால் கடலம்மா கோபித்துக்கொள்வாள் என்பார்கள். அம்மா நேராகப் போய், அப்பாவுக்கு முன்னால் பிடித்தார். அடுத்ததாக வந்தது அம்பாக்காரரின் மனைவி. வந்தவர் சும்மா வரவில்லை. "ஊர்ல கீற ஆம்பிளைங்க கையெல்லாம் சோறு திங்க மட்டுந்தானா? வாங்கடி! வலை போனா நாளைக்கு எதை விப்பீங்க?" என்று கத்திக்கொண்டே வந்தார். மீன் வாங்கக் காத்திருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

இவர் பாடினார். அந்தப் பெண்களுக்கு ஊரில் பேரே கிடையாது. வேலு பெண்டாட்டி, தங்கராசு அம்மா, மேலத்தெருவாள் என்றுதான் கூப்பிடுவார்கள். இவருக்கு அத்தனை பேருடைய பேரும் தெரிந்திருந்தது.

"கஸ்தூரி கையி வச்சா - ஏலேலோ
காமாட்சி தோளு வச்சா - ஏலேலோ
அஞ்சலையும் வந்துட்டாளே - ஐலசா!"

கஸ்தூரி என் அம்மா, காமாட்சி அவர் மனைவி. நாலு பேர் முன்னால் புருஷன் தன் பேரைச் சொன்னதில் அந்த அத்தைக்கு வெட்கம் தாங்கவில்லை. "ஐய, இந்த ஆளு மானத்த வாங்கறாரு" என்று முனகிக்கொண்டே இன்னும் பலமாக இழுத்தார். தன் பெண்டாட்டி கயிற்றில் நிற்பதைப் பார்த்த பாபு திரும்பி வந்து பிடித்தான். அவன் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். மடி கரையேறியபோது கானாங்கெளுத்தி வெள்ளிக் குவியலாகத் துள்ளியது. நாட்டார் நாற்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பஞ்சாயத்து கூடியது. இனி அவர் அம்பா போடக் கூடாது என்று தீர்ப்பு. அவர் "சரி, பாடறவன் பாடுங்க" என்று எழுந்து வந்துவிட்டார்.

அடுத்தடுத்த வலைகளுக்கு நாட்டாரின் தம்பி பாடிப் பார்த்தார். பத்து இழுப்புக்குள் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு யாரோ யோசனை சொல்லி, திருவிழாவுக்கு வைக்கிற சவுண்டு சர்வீஸ் குழாயைக் கொண்டுவந்து கொட்டகையில் கட்டி சினிமாப் பாட்டு போட்டார்கள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வடக்குக் கயிறு பாட்டின் ஒரு இடத்தில் சாய்ந்தது, தெற்குக் கயிறு இன்னொரு இடத்தில் சாய்ந்தது. சரணத்தில் பாடகர் மூச்சு வாங்கியபோது எல்லாரும் கயிற்றோடு நின்றுவிட்டார்கள். வலை கோணிக் கிழிந்து, மடியில் நண்டும் சிப்பியுமாக வந்தது. நாங்கள் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசியில் வலைக்காரர்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர் கண்ணாடியை முருங்கை மரத்தில் மாட்டி மீசையை வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார். "இன்னா அம்பா வேணும்? பேரோடயா, பேரில்லாமயா?"

அவர் மீசையின் இன்னொரு பக்கத்துக்குப் போனார். அவருக்கு அவசரமே இல்லை.

"பேரோட," என்றார் நாட்டாரின் தம்பி.

"கேக்கல."

"பேரோடதான்யா. எல்லார் பேரோடயும். ஜல்தி வா, தண்ணி திரும்பிடப் போவுது."

அப்படித்தான் என் அப்பா கயிற்றுக்கு வந்தார். கடைசி ஆளாக இல்லை, வடக்குக் கயிற்றில் தண்ணீரோரமாக இரண்டாவது ஆளாக. மற்றவர்களும் மெல்ல மெல்ல மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. அம்மா அவற்றை ஒன்றுவிடாமல் சுவரில் ஒட்டி வைத்தார்.

நாட்டார் மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். பின்னொரு நாள் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லியிருக்க, போட்ட வலையை எப்படியாவது எடுத்துவிட வேண்டிய நேரம். கை போதவில்லை. நாட்டார் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வந்து, காலியாக இருந்த இடத்தில் பிடித்தார். அந்த இடம் என் அப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எல்லாரும் அம்பாக்காரரைப் பார்த்தார்கள். குத்தலாக ஏதாவது எடுத்துவிடுவார் என்று எனக்கே ஆசையாக இருந்தது. அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நாட்டாரின் பேரை முழுதாகச் சொல்லி, அவருடைய தாத்தா படகு ஓட்டிய பெருமையைச் சொல்லி, வேறு யாருக்கும் பாடாத மாதிரி நாலு அடி பாடினார். நாட்டாரின் முகம் மழையில் நனைந்திருந்ததால் அவர் அழுதாரா என்று தெரியவில்லை. அவர் அழுதார் என்றுதான் அம்மா சொல்வார்.

"ஏன் மாமா நீ அவரக் கிண்டல் பண்ணல?" என்று கேட்டேன்.

"கயித்துல வந்து நின்னவன்கிட்ட இன்னாடி கிண்டலு?" என்றார்.

என் கல்யாணம் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. லிப்ட் வேலை செய்யாமல், சாம்பார் அண்டாவை மாடிக்கு ஏற்ற முடியாமல் சமையல்காரர்கள் திண்டாடிக்கொண்டிருந்தபோது, படிக்கட்டின் கீழே ஒரு பழகிய தகரக் குரல், "தம்பி, உங்க பேரெல்லாம் இன்னா?" என்று கேட்டது. மணமேடையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஐயர் சொன்ன மந்திரத்துக்கு மேலே ஐலசா கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் திகைத்தார்கள். "எங்க மாமா" என்று என் கணவரிடம் சொன்னபோது எனக்கு எவ்வளவு கர்வமாக இருந்தது தெரியுமா?

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. மூச்சிரைப்பு வந்து வீட்டிலேயே இறந்தார். நானும் என் கணவரும் திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். அம்மாவும் அப்பாவும் இப்போது எங்களோடு இருக்கிறார்கள். போன மாசிமகத்துக்கு நானும் அப்பாவும் குப்பத்துக்குப் போயிருந்தோம். காலையில் கரையில் புதிய ஃபைபர் படகு ஒன்றை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் இளவட்டங்கள், எனக்குத் தெரியாத முகங்கள். அம்பா ஓடிக்கொண்டிருந்தது.

"மல்லாட்டைக் கொடியப் புடி - ஏலேலோ
மண்ணு மெல்ல விடுகுதடி - ஏலேலோ
கொத்துக் கொத்தா வருகுதடி - ஐலசா!"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

படகு மேடேறியதும் பாடியவனிடம் போனேன். "தம்பி, இது யார் பாட்டு?"

"எங்க பாட்டுதான்க்கா. குப்பத்துப் பாட்டு."

"கடல்ல ஏதுப்பா மல்லாட்டை?"

அவன் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தான். "அதெல்லாம் தெரியாதுக்கா. எங்க தாத்தா காலத்துலேந்து இப்பிடித்தான் பாடறோம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவே சொன்னார். நான் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் வலை இழுக்கும்போது அம்பாக்காரர் திடீரென்று, "மாப்ள, எங்க பாட்டையே இழுத்துக்கினு கீற. உங்க ஊருப் பாட்டு ஒன்னு எடு" என்றாராம். அப்பா கூச்சப்பட்டு மறுத்திருக்கிறார். பாட்டை எடுக்கும்வரை இவர் தானும் பாடாமல் கயிற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார். வேறு வழியில்லாமல், மல்லாட்டை பிடுங்கும்போது கொல்லையில் தன் அம்மா பாடுவதை அப்பா பாட, இவர் அதில் ஏலேலோவைச் சேர்த்து அன்றைய வலையையே அதில் இழுத்து முடித்துவிட்டாராம்.

"இழுக்கறதுக்கும் புடுங்கறதுக்கும் ஒரே தாளம்தான் மாப்ளன்னாரு," என்றார் அப்பா.

ஜன்னலுக்கு வெளியே உப்பளம் முடிந்து கொல்லைகள் ஆரம்பித்திருந்தன. அப்பா வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எங்க அம்மா சாவற வரைக்கும் கடலப் பாத்ததே இல்லம்மா," என்றார். "அது பாட்டு தெனம் கடலுக்குப் போவுது பாரேன்."